முருகேசன் பெயரில் அறுபத்திரண்டு ஊசிகள்

பல்கலைக்கழக விடுதியிலிருந்து இறங்கி, தகரப் பெட்டியுடன் பழவங்காடியை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். ஸ்டாச்சு சந்திப்பைத் தாண்டுவதற்குள் இரண்டு முறை பெட்டியைக் கீழே வைத்தேன். மூச்சு வாங்கியது. நேரே வைத்த கால் இடப்பக்கம் போனது. குடித்தவன் என்று நினைத்து ஒரு சைக்கிள்காரர் விலகிப் போனார்.

அந்தத் தள்ளாட்டம் ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஊசி மருந்து) தந்தது. சிலருக்கு அது காதுக்குள், உடம்பின் சமநிலையைக் காக்கும் இடத்தைத் தொட்டுவிடும். இதைப் படித்துப் பயந்து யாரும் ஊசியை நிறுத்திவிட வேண்டாம். டாக்டரிடம் சொல்லுங்கள். நான் வாரக்கணக்கில் சொல்லாமல் இருந்தேன். சொன்னால் அவர் என்னை உற்றுப் பார்ப்பார், வேறு கேள்விகளும் கேட்பார்.

நான் மலேயாவில் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். பள்ளியைப் பாதியில் விட்டு லாரியில் கிளீனராகப் போனேன். பிறகு பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். இருபத்து மூன்று வயதில், விட்ட பரீட்சையை எழுதித் தேறினேன். வெளிநாட்டு மாணவருக்கான இடம் ஒன்று கிடைத்துத் திருவனந்தபுரம் வந்தேன். எங்கேயும் சேர்ந்தாற்போல் இரண்டு வருஷம் இருந்ததில்லை. இந்த ஒன்றையாவது முடித்துவிட வேண்டும் என்று இருந்தது.

இரண்டாம் ஆண்டில் இருமல் வந்தது. மூன்று வாரம் போகவில்லை. நூலகத்தில் ஒருநாள் கைக்குட்டையில் சிவப்பாக ஒரு கோடு.

வெளிநாட்டு மாணவர்கள் வருஷா வருஷம் உடல்தகுதிச் சான்று கொடுக்க வேண்டும். காசநோய் என்று தெரிந்தால் கப்பலேற்றிவிடுவார்கள் என்று விடுதியில் பேச்சு. அடுத்த சான்றுக்கு எட்டு மாதம் இருந்தது. அதற்குள் யாருக்கும் தெரியாமல் குணமாகிவிடலாம் என்று நினைத்தேன்.

பழவங்காடியில் நான் சாப்பிடும் ஓட்டலில் முருகேசன் பரிமாறுவான். வள்ளியூர்ப் பக்கத்துக்காரன், என்னைவிட இளையவன். அவனிடம் மட்டும் கைக்குட்டையைக் காட்டினேன்.

“எம் பேரக் குடும், அண்ணாச்சி. எம் பேரு என்ன, பி.ஏ.வா படிக்கப் போவுது?” என்றான்.

காசநோய் நிலையத்தில் சீட்டு எழுதும்போது அப்படியே கொடுத்தேன். பெயர் முருகேசன். இருப்பிடம் அவன் தங்கும் ஓட்டல் மாடி அறை. நுரையீரலின் மேல்பகுதியில் புண் என்று எக்ஸ்ரே காட்டியது. மூன்று மாதம் தினசரி ஊசி, ஒன்றரை வருஷம் மாத்திரை. டாக்டரம்மா மலையாளி, எனக்காகத் தமிழில் பேசினார். “ரெண்டு மாசத்தில சுகமாயி என்னு தோணும். அது தோணல் மட்டும்தான், கேட்டோ? மருந்தை விடக் கூடாது.”

தோன்றத்தான் செய்தது. இருமல் நின்றது, எடை ஏறியது.

நோயாளியோடு ஒரே அறையில் படுப்பவர்களைச் சோதிக்க, நிலையத்திலிருந்து இருப்பிடம் தேடி ஆள் வருவார்கள் என்பது எனக்குத் தெரியாது. சீட்டு மருந்துக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அறுபத்திரண்டாவது ஊசி போட்ட அன்று மத்தியானம் ஓட்டலுக்குப் போனால் வேறொருவர் பரிமாறிக்கொண்டிருந்தார்.

“ஒம்ம கூட்டாளிய அனுப்பியாச்சு வேய்,” என்றார் முதலாளி. “சர்க்கார் ஆளு வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும். சயரோகக்காரன் வெளம்பினா இங்க ஈதான் வந்து உண்ணும்.” சொல்லிக்கொண்டே எனக்கு இலை போட்டார்.

நான் உட்காரவில்லை.

முருகேசன் பஸ் நிலையத்தில் துணிமூட்டையோடு இருந்தான்.

“அது நீ இல்லன்னு ஏன் சொல்லல?”

“சொன்னா ஒம்மக் கப்பலேத்திருவானுவல்லா. எனக்கு இந்த ஓட்டல் இல்லேன்னா வேற ஓட்டல்.”

“கிடைச்சுதா?”

“மூணு எடத்துல கேட்டாச்சு. நான் நடந்து போறதுக்குள்ள வெவரம் பஸ்ஸேறிப் போயிருக்கு, அண்ணாச்சி.”

பக்கத்தில் நாகர்கோவில் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. சிக்கல் வந்தால் ஊரை மாற்றுவது என் பழக்கம். ஒரு காலைப் படியிலும் வைத்துவிட்டேன். தலை சுற்றியது. கம்பியைப் பிடித்தபடி முருகேசனைப் பார்த்தேன். அவன் என் பக்கமே பார்க்காமல் மூட்டையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தான். இறங்கினேன். அவனைக் கூட்டிக்கொண்டு காசநோய் நிலையத்துக்குப் போனேன்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார்.

“அப்போ நீ யாரு? நீ ரத்தம் கக்கி விழுந்தா ஞங்கள் யாரைத் தேடும்? முருகேசனையோ?”

அவன் சளியைச் சோதித்தார்கள். கிருமி இல்லை. நிலையத்தில் எழுதிக் கொடுத்த கடிதத்தை முதலாளி இரண்டு முறை வாசித்தார். முருகேசனை மூன்று முறை இருமச் சொல்லிக் கேட்டுவிட்டு வேலையில் சேர்த்துக்கொண்டார்.

என் பெயரில் புதுச் சீட்டு எழுதினார்கள். தள்ளாட்டத்தை அப்போதுதான் சொன்னேன், ஊசியின் அளவைக் குறைத்தார்கள். என் சளியிலும் அப்போது கிருமி இல்லை. புதுச் சீட்டின் நகலை நானே பல்கலைக்கழகத்தில் கொடுத்தேன். கப்பலேற்றவில்லை. ஒரு வருஷம் படிப்பை நிறுத்த வேண்டும், சான்றோடு திரும்பி வந்தால் பார்க்கலாம், விடுதியை அன்றே காலி செய்ய வேண்டும் என்றார்கள். ‘பார்க்கலாம்’ என்ற சொல்லின் எடை எனக்குத் தெரியும்.

அப்படித்தான் அந்தப் பெட்டியோடு நடந்தேன். பழவங்காடியில் முருகேசன் அதை வாங்கிக்கொண்டு, பின்தெருவில் ஓர் அறைக்கு அழைத்துப் போனான். “வீட்டுக்காரர்ட்ட எல்லாம் சொல்லியாச்சு. இந்தத் தடவ ஒம்ம பேரையே சொல்லிட்டேன்” என்றான்.

மறுநாள் காலை ஊசி போட்டுக்கொண்டு எழுந்தபோது டாக்டரம்மா வராந்தாவில் ஒரு ஸ்டூலைக் காட்டினார். மலைத் தோட்டங்களிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் தமிழர்கள் நிறைய வருகிறார்கள், சீட்டு எழுத ஆள் வேண்டும் என்றார். என் விசாவில் சம்பளம் வாங்கக் கூடாது. மத்தியானச் சாப்பாடு உண்டு. “பொய் பறையறவனை உனக்கு மனசிலாகும் அல்லோ?”

உட்கார்ந்தேன். காதுக்குள் சில்வண்டு இரைந்தது. அது இன்றுவரை நிற்கவில்லை. அன்றுவரை என் காலத்தை ஊர்களால் அளந்தேன். அன்று முதல் ஊசிக்கு ஊசி, பிறகு மாத்திரைக்கு மாத்திரை.

முதலில் வந்தவர் வித்துராவுக்கு மேலே மலையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளி. துண்டால் வாயை மூடியிருந்தார்.

“பேரு?”

அவர் வாசலைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

நான் பேனாவை மூடி வைத்தேன்.

“அவசரமில்லண்ணே. உங்க பேரு ஞாபகம் வரட்டும். நான் இங்கதான் இருப்பேன்.”