விடாத கிளட்ச்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தபோது அவருக்கு நாற்பத்தாறு வயது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. "வேணாம்" என்கிற ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. தண்ணீர் கேட்பதற்கும் வேணாம்தான், என்னைக் கூப்பிடுவதற்கும் வேணாம்தான்.

வாரத்தில் மூன்று நாள் ஊரப்பாக்கத்திலிருந்து தாம்பரத்துக்கு அவரைப் பிசியோதெரபிக்கு அழைத்துப் போவேன். பஸ்ஸில் ஏற்ற முடியாது. ஒவ்வொரு முறையும் ஆட்டோ வைக்கக் கட்டுப்படியாகாது. அவர் ஆசையாக வைத்திருந்த சின்ன கார் இருந்தது. எனக்கு ஓட்டத் தெரியும். அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பொங்கலுக்கு முந்தின நாள், பெருங்களத்தூர் சந்திப்பில் நின்ற வண்டியை எடுக்கப் போனால் முதல் கியர் விழவில்லை. கிளட்சைத் தரையோடு மிதித்தும் கறகறவென்று கத்தியது. சுற்றிலும் ஊருக்குப் போகும் வண்டிகள் ஹார்ன் அடித்தன. போலீஸ்காரர் வந்து கதவைத் தட்டினார்.

"இன்னாம்மா, ஓட்டத் தெரியலன்னா எதுக்கு ரோட்டுக்கு எட்த்துகினு வர்ற?"

பக்கத்தில் இவர், "வேணாம், வேணாம்" என்று இடது கையால் சீட்டை அறைந்தார். யாருக்குச் சொல்கிறார், எதைச் சொல்கிறார், புரியவில்லை. அவரை இறக்கவும் வழியில்லை. யாரோ நாலு பேர் அவரோடு சேர்த்து வண்டியை ஓரமாகத் தள்ளினார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பம்மலில் பட்டறை வைத்திருந்த பாய்தான் எங்கள் வண்டியைப் பார்ப்பவர். இன்ஜினை நிறுத்திவிட்டுக் கியர் போட்டார். வழுக்கிக்கொண்டு விழுந்தது. ஸ்டார்ட் செய்துவிட்டுப் போட்டார். அலறியது.

"கியர் பாக்ஸ் நல்லாத்தான் கீதுக்கா. கிளட்ச்சுதான் முழுசா விடல."

கியர் பாக்ஸை இறக்கித் தேய்ந்திருந்த கிளட்ச் பிளேட்டை மாற்றினார். நாலாம் நாள் மறுபடியும் அதே சத்தம். பெடலிலிருந்து கிளட்சுக்குப் போகும் கேபிளை மாற்றினார். இரண்டு நாள் தாங்கியது. திரும்பவும் இறக்கினார். ஒவ்வொரு சாமானாகக் கையில் எடுத்துப் பார்த்தார். "எல்லாமே புதுசு. எனக்கே ஒண்ணும் புரியலக்கா" என்றார். ஆஸ்பத்திரியில் டாக்டரும் இதே மாதிரி கண்ணைப் பார்க்காமல்தான் பேசியிருந்தார்.

எல்லாவற்றையும் மாட்டி முடித்த அன்று, அங்கிருந்தே தாம்பரம் போய்விடலாம் என்று இவரையும் ஆட்டோவில் கூட்டிப் போனேன். இவரைக் காரில் உட்கார வைத்தோம். பாய் பானெட்டுக்குள் குனிந்து கேபிளைச் சரிசெய்துகொண்டே, "அமுக்குங்கக்கா, விடுங்க" என்றார். அமுக்கினேன். "வேணாம்" என்றார் இவர். மறுபடி அமுக்கினேன். மறுபடி வேணாம்.

"கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன்!" என்று கத்திவிட்டேன்.

பாய் தலையை நிமிர்த்தினார். "இருங்கக்கா. நீங்க அமுக்கும்போது மட்டுந்தான் சார் சொல்றாரு. எங்க, இன்னொரு தபா அமுக்குங்க."

இவருடைய இடது கால், செருப்பில்லாமல், இன்ஜினுக்கும் எங்களுக்கும் நடுவே இருந்த முன்பக்கத் தகட்டில் ஊன்றியிருந்தது. பாய் அந்தக் காலுக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தார். நான் மிதிக்க மிதிக்கத் தகடு அசைந்தது. விரிப்பைக் கிழித்துப் பார்த்தால், கேபிள் நுழைகிற துளையைச் சுற்றி விரிசல். நான் மிதித்த மிதியில் பாதி அந்தத் தகட்டை வளைப்பதிலேயே போயிருக்கிறது.

"சாரே கண்டுபுட்சிட்டாரு!" என்று பாய் இவர் தோளைத் தட்டினார். இவர் அழுதார். சந்தோஷமா, நான் கத்தியதாலா, எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கே வெல்டிங் வைத்து, மேலே ஒரு பட்டையும் போட்டுக் கொடுத்தார். கியர் சத்தமில்லாமல் விழுந்தது.

ஆனால் இந்த அலைச்சலில் மூன்று வாரம் பிசியோதெரபி தவறியிருந்தது. தாம்பரத்தில் பிசியோதெரபி கொடுக்கும் பெண் இவருடைய வலது விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தாள். பொங்கலுக்கு முன்னால் பாதி திறந்த கை, இறுகிப் போயிருந்தது.

"இவ்ளோ நாள் விட்டிருக்கக் கூடாது மேடம்" என்றாள்.

கார் ரிப்பேர் என்று சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு, ஒத்தடம் கொடுக்கத் துண்டை வெந்நீரில் நனைத்தாள்.