முகம் மறைத்த படம்

ஆராய்ச்சிக்காரர்கள் தன் வகுப்பைப் படம்பிடித்துப் போனதை ஊரெல்லாம் சொல்லிப் பூரித்திருந்தார் கணக்கு டீச்சர். அந்தப் படத்தை அவரும் போயிருந்த ஆசிரியர் பயிற்சியில் போட்டுக் காட்டினார்கள். முகத்தை மறைத்திருந்தாலும் குரல் அவருடையதுதான். பாடம் எப்படி நடத்தக்கூடாது என்பதற்கு அது உதாரணமாம்.

“கேள்வியும் இவங்களே, பதிலும் இவங்களே! பிள்ளைங்க என்ன, வேடிக்கை பார்க்கவா வந்துச்சுங்க?” என்று பக்கத்து இருக்கை இளம் ஆசிரியை காதைக் கடித்தாள்.

“அதானேம்மா” என்று அவரும் சிரித்துவைத்தார்.

மறுநாள் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, இத்தனை வருடத்தில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார். ஒரு கையும் உயரவில்லை. எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். கடைசியில் முன்வரிசைச் சிறுமி மெல்லக் கேட்டாள்: “பதில் மறந்துபோச்சா டீச்சர்?”

டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.