நகல் பிரிவின் எதிர் நாற்காலி

வளைகுடாவில் டிரெய்லர் ஓட்டும் என் அக்கா மகன் நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தான். லாரியின் பக்கவாட்டில் அரபு எழுத்து. கூடவே அவன் குரல்: "மாமா, இதை நக்லுன்னு படிக்கோணுமாம். சரக்கு ஏத்திட்டுப் போறதுக்கு இங்க அதானுங்க பேரு. ஆளை வேற ஊருக்கு மாத்துனாலும் நக்லுதானாம். கேட்டதைக் கேட்டபடி இன்னொருத்தருகிட்டச் சொன்னா அதுவும் நக்லாமுங்க."

நமக்கு நகல் என்றால் நகல்தான். பாதி வயசை அதிலேயே கழித்தவன் நான். ஒரே வேரில் இத்தனை கிளையா என்று படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எங்கிருந்தோ கார்பன் தாள் வாசம் வந்தது.

ஓமலூர்ப் பக்கம் ஓர் அரசு அலுவலகம். நகல் பிரிவில் நானும் லூர்துமேரியும். அவர் சேலம் டவுனிலிருந்து பஸ்ஸில் வருவார். நகல் தயாரானதும் ஒருவர் அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். எதிரே இருப்பவர் அசலில் விரல் ஓட்டிக்கொண்டே வரிக்கு வரி "சரி" சொல்ல வேண்டும். அடியில் இருவர் கையெழுத்து: படித்தவர், ஒப்பிட்டவர். இப்படி இரண்டு வருஷம் பத்திரங்களில் இருந்த ஊரார் கிணற்றையும் வரப்பையும் மாறி மாறிப் படித்தோம். கிழக்கே பொதுக்கிணறு, மேற்கே வண்டிப்பாதை என்று அவர் படித்தால், அந்தக் காடுகழனியில் கூடவே நடந்து போகிற மாதிரி இருக்கும். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. ரொம்பவே.

ஒருநாள் என் முறை. புளியமரம் ஒன்று, தென்னை இரண்டு என்று படித்து வந்தவன், அதே ராகத்தில், "இதைப் படிக்கிறவனுக்கு எதிரில் இருப்பவரைக் கட்டிக்கொள்ள ஆசை" என்று சேர்த்துப் படித்துவிட்டேன். பெரிய வீரன் பாருங்கள். அவர் விரல் நின்றது. தலை நிமிரவில்லை.

"அசல்ல அது இல்லீங்க."

"தப்புதானுங்க" என்று அடுத்த வரிக்குப் போனேன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஆறு மாதத்தில் அவருக்கு மேட்டூருக்கு மாறுதல் வந்தது. கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அவர் படித்தார், நான் அசலைப் பிடித்திருந்தேன். இனி இந்தக் குரல் இல்லையே என்ற நினைப்பில் வார்த்தை எதுவும் மனசில் ஏறவில்லை. வாய் மட்டும் பழக்கத்தில் சரி, சரி என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் நிறுத்தி, "கேட்டீங்களா?" என்றார்.

"கேட்டனுங்க. சரிதான்."

அவர் முகம் மலர்ந்தது. இங்கிருந்து போகிற சந்தோஷம் போலிருக்கிறது என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

திங்கட்கிழமை முத்திரை வைக்க அந்த நகலை எடுத்தேன். அவர் படித்ததில் ஒரே ஒரு சொல் மட்டும் காதில் தங்கியிருந்தது: ஞாயிற்றுக்கிழமை. அசலிலும் தேடினேன், நகலிலும் தேடினேன். எந்த வரியிலும் ஞாயிற்றுக்கிழமை இல்லை. என்னைப் போலவே அவரும் அசலில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்துப் படித்திருக்கிறார்; அந்த ஞாயிறு முந்தின நாளே போய்விட்டிருந்தது.

மேட்டூருக்கு பஸ் இல்லாமலா போயிற்று? சரி என்று சொல்லிவிட்டு வராதவன் எந்த முகத்தோடு போய் நிற்பது? கூச்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோழைத்தனம், வேறென்ன.

இப்போது நகலை இயந்திரமே எடுத்துக் கொடுத்துவிடுகிறது. யாரும் யாருக்கும் படித்துக் காட்டுவதில்லை. படித்தவர், ஒப்பிட்டவர் என்ற இரண்டு கோடுகளும் போய்விட்டன. கேட்டதைக் கேட்டபடி சொல்வதும் நக்ல் என்கிறான் அக்கா மகன். என்னிடம் சொல்ல இருப்பது ஒரே ஒரு கிழமை. அன்றைக்கு எங்கே வரச் சொன்னார், மாதா கோயிலுக்கா, வீட்டுக்கா, தெரியாது. எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பதும் தெரியாது.