உப்பில் காயவைத்த ஆயில் படம்

மரக்காணத்தில் எதைக் காயவைக்கவும் உப்பு போதும் என்று நம்பி வளர்ந்தவன் நான். மீனுக்குச் சரி. ஆயில் பெயிண்டுக்கும் சரி என்று நினைத்தது என் ஐம்பது வயது அறிவின் உச்சம்.

நான் சூப்பர்வைசராக இருக்கும் உப்பு பாக்கெட் ஷெட்டுக்குப் புது மெஷின் வந்திருந்தது. ஞாயிறு பூசை முடிந்து ஃபாதர் வந்து மெஷினை மந்திரிப்பார், அதற்குள் சுவருக்கு ஒரு படம் வேண்டும் என்றார் முதலாளி. படகில் எனாமலால் பெயர் எழுதிப் பழகிய கை எனக்கு. எனாமல் ஒரே நாளில் காய்ந்துவிடும். நானோ பெருமைக்குப் புதுச்சேரி போய், காய வாரக்கணக்காகும் ஆயில் கலர் ட்யூப் வாங்கி வந்தேன்.

நான் வரைந்தது, கன்வேயர் பெல்ட்டுக்குப் பக்கத்தில் உப்பு வாரும் பெண். கொக்குக் கழுத்து, முழங்கால் தாண்டிய கைகள், கண் மூக்கு இல்லாத முகம். இரும்புத் தூணுக்கும் அவளுக்கும் ஒரே சாம்பல் நீலம். ஷெட்டில் உப்பு வாரும், அனுமந்தை ஊர் அக்காதான் அதற்கு மாடலாக நின்றவர். வந்து பார்த்தார்.

"ஏம்பா, இது யாரு?"

"நீங்கதாங்க்கா."

"இங்க நின்னே பாண்டில காய் வாங்கலாம் போலக்குதே, இந்தக் கையை வெச்சிக்கினு."

சனிக்கிழமை காலையில் தொட்டுப் பார்த்தேன். தோள்பட்டை விரலோடு வந்தது. படத்தைத் தூக்கிப் போய் உப்புக் குவியல்மேல் மல்லாக்கப் படுக்க வைத்தேன். மதியம் கடல்காற்று வீசியதில் படத்துப் பெண்ணின் பாதம் முழுக்க உப்புப் பொடி. சென்னை பஸ் ஏறி ஓடிவிடலாமா என்று பாக்கெட்டைத் தடவியதில் சட்டையிலும் நீலம்.

"மீன்ல தண்ணி போவும், காயும். அப்பளம் பொரிச்ச எண்ணெல உப்பு போட்டா காயுமாப்பா?" என்றார் அக்கா. பாதத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இத தொடைக்காத. எங்க காலு இப்படித்தான் இருக்கும்."

ஞாயிறன்று படத்தை மூட்டைகள்மேல் சாய்த்து வைத்தோம். எங்கள் ஊர்க்காரர்கள் எதையும் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவார்கள். அக்கா படத்துக்கு முதுகு காட்டி இரண்டு கைகளையும் விரித்து நின்றுகொண்டார். "தள்ளி நில்லுங்க, ஈரம்." முதலாளிக்கும் அதே பதில். ஃபாதர் தெளித்த தீர்த்தம் எண்ணெயில் ஒட்டாமல் உருண்டு இறங்கியது.

கூட்டம் கலைந்து அக்கா நகர்ந்ததும் படத்தைப் பார்த்தேன். வலது கை முழங்கையோடு நின்றுவிட்டிருந்தது. மீதி அவர் புடவை முதுகில் இருந்தது.

திரும்பிப் பார்த்தார். "இப்பதான் அளவா இருக்குது. இனிமே இதுல கை வெக்காத."

வைக்கவில்லை. மண்ணெண்ணெய் எடுத்துவந்து புடவையை மட்டும் துடைத்துக் கொடுத்தேன்.