நான் ஏறாத வண்டி

எண்ணெய் ஊற்றாமலேயே ஊற்றிவிட்டதாகச் சொன்னேன். முன் அச்சில் சொட்டு எண்ணெய்கூட இல்லாத வண்டியை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து வழியனுப்பினேன். அந்தப் பாவி நான்தான்!

இதை உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு என்னைத் தெரியாது என்பதால் சொல்கிறேன். தெரிந்தவர்களிடம் சொல்லும் துணிவு எனக்கு இன்றுவரை வரவில்லை...

அறந்தாங்கியில் வாகனப் பட்டறை வைத்திருக்கிறேன். எனக்குக் கைராசி உண்டு என்று ஊரில் ஒரு பேச்சு. யார் கிளப்பிவிட்டார்களோ! நானும் மறுத்ததில்லை. புது வண்டி எடுப்பவர்கள் என்னைக் கூப்பிட்டுத்தான் சக்கரத்தடியில் பழம் வைக்கச் சொல்வார்கள். அதில் எனக்கு ஒரு மிதப்பு இருந்தது.

சேகரும் அப்படி வந்தவன்தான். வளைகுடாவில் பல வருடம் உழைத்துத் திரும்பியவன், நான்கு சக்கரமும் இழுக்கும் பிக்கப் ஒன்றை வாங்கினான். ஜெகதாப்பட்டினத்துப் பக்கம் இறால் பண்ணைகளின் உப்புச் சேற்றில் ஐஸ் பெட்டிகளோடு இறங்கி ஏறுகிற வண்டி அது.

"இந்த வண்டியில வேற ஆளு கை வைக்க விடமாட்டேண்ணே. ஒங்க கைதான்" என்பான். அன்று அதை எவ்வளவு ரசித்தேன்!

அந்த வண்டிக்கு முன் அச்சில் ஒன்றும் பின் அச்சில் ஒன்றுமாக இரண்டு இரும்புக் கூடுகள். இன்ஜினின் விசையைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பற்கள் அவற்றுக்குள் எண்ணெயில் தோய்ந்து சுழல வேண்டும். அந்த எண்ணெயைப் பட்டறையில் கிரவுன் ஆயில் என்போம். பழைய எண்ணெயை வடிக்கக் கூட்டின் கீழே ஒரு போல்ட், புதியதை ஊற்ற மேலே ஒரு போல்ட். மேல் போல்ட் கழல்கிறதா என்று பார்த்த பிறகே கீழ் போல்ட்டைத் தொட வேண்டும். இல்லாவிட்டால், வடித்த கூட்டில் எந்த வழியாக ஊற்றுவது? இது எனக்குத் தெரியாதா? தெரியும். நன்றாகத் தெரியும்!

கிரவுன் ஆயில் மாற்ற அவன் வண்டியைக் கொண்டுவந்த அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். வேலை முடிந்த வண்டியை ராகுகாலத்தில் எடுக்க மாட்டேன், அதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று சேகர் தலைமாட்டிலேயே நின்றான். பின் கூட்டை ஒழுங்காக முடித்தேன். முன் கூட்டுக்கு வந்தபோது, "நேரமாச்சுண்ணே..." என்றான். அந்தப் பதற்றத்தில் கீழ் போல்ட்டை முதலில் கழற்றிவிட்டேன். கறுத்த எண்ணெய் முழுவதும் வடிந்து போயிற்று.

பிறகு மேல் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினேன். உப்பு அரித்து இறுகிக் கிடந்தது. பலங்கொண்ட மட்டும் திருகினேன். போல்ட்டின் தலை மழுங்கி, ஸ்பேனர் வழுக்கியது. அதன் மேல் நட்டு ஒன்றை வெல்டிங் வைத்துக் கழற்றலாம்தான். ஆனால் ராகுகாலத்துக்குள் நடக்கிற காரியமா அது!

"முடிஞ்சுதாண்ணே?"

"முடிஞ்சுது தம்பி."

எப்படி வந்தது அந்த வார்த்தை? நாளைக்கு வரச்சொல்லிச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேனா? கைராசிக்காரன் கையில் போல்ட் மழுங்கியதாம் என்று நாலு பேர் சிரிப்பார்களே என்று கூசினேனா? இரண்டும்தான். கீழ் போல்ட்டை இறுக்கிவிட்டு எழுந்து வந்து, என் கையாலேயே முன் சக்கரத்தடியில் பழத்தை வைத்தேன். பழம் நசுங்கியது. சேகர் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் போனில் கூப்பிட்டேன். சரக்கேற்றிக்கொண்டு நாகப்பட்டினத்தில் இருந்தான். "வண்டி ஜம்முனு ஓடுதுண்ணே!" என்றான். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன். நாளை, நாளை என்று வாரங்கள் ஓடின. பிரேக் பார்க்க அவன் வண்டியைக் கொண்டுவந்து விட்ட நாளில்தான் ஒரு வழி தோன்றியது. கூட்டின் உச்சியில் காற்று போகவர ஒரு சிறு குழாய் உண்டு. அதன் வழியே கொஞ்சங்கொஞ்சமாக எண்ணெயை இறக்கினேன். அன்றே இது தோன்றியிருக்கக் கூடாதா!

எண்ணெய் உள்ளே போயிற்று. அதற்குள் சத்தம் வந்துவிட்டிருந்தது.

ஓட்டிப் பார்த்தேன். வேகத்தில் முன்பக்கமிருந்து ஓர் உறுமல். எண்ணெயின்றி உரசித் தேய்ந்த பற்கள் அவை. இனி எத்தனை ஊற்றினாலும் ஆறாது. என்றைக்கு வேண்டுமானாலும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு இறுகலாம். இறுகினால், ஓடுகிற ஓட்டத்தில் முன் சக்கரங்கள் அப்படியே நின்றுவிடும். அதன்பின் ஸ்டியரிங் யாருக்குக் கட்டுப்படும்? அன்றிலிருந்து ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன். ஆனாலும் சொல்லவில்லை. வேறு எந்த மெக்கானிக்கிடமாவது அவன் காட்டியிருந்தால் உடனே கண்டுபிடித்திருப்பார்கள். அவன்தான் என்னைத் தவிர யாரையும் தொடவிட மாட்டானே!

நேற்று மதியம் அந்த வண்டி பட்டறை வாசலில் வந்து நின்றது. சேகரின் மகளுக்குக் காதுகுத்து. திருமயத்துக்கு அப்பால் அவர்களுடைய குலதெய்வக் கோயில். பின்னால் சொந்தக்காரப் பெண்களும் பிள்ளைகளும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் சேகரின் மனைவி வாசுகி, மடியில் குழந்தை.

"பெரியப்பா, வண்டி முனகுது" என்றது குழந்தை.

"பாட்ட கூட்டி வச்சா கேக்காதுடா" என்று சேகர் சிரித்தான். கீழே இறங்கி என் கையில் பழத்தைக் கொடுத்தான். வாங்கினேன். வைத்தேன்.

"நீங்களும் ஏறுங்கண்ணே. முன்னாடி எடம் இருக்கு. ஒங்க கைராசியாலதான் இந்த வண்டி ஓடுது" என்றாள் வாசுகி.

"வேலை கெடக்கு தாயி. நீங்க போயிட்டு வாங்க."

பட்டறையில் அப்போது ஒரு வண்டிகூட இல்லை.

எண்ணெய் ஊற்றாதது அவசரத்தில் வந்த பிழை என்று இத்தனை நாளும் எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்தேன். நேற்றோடு அதுவும் போயிற்று. ஒரு குழந்தை உட்கார்ந்திருந்த வண்டியில் ஏற எனக்குப் பயமாக இருந்தது. நான் ஏறவில்லை. அவர்களை இறங்கச் சொல்லவும் இல்லை!

அந்தி சாயும் நேரத்தில் சேகர் கூப்பிட்டான். எடுப்பதற்குள் எனக்கு உயிரே போய்விட்டது.

"நல்லபடியா வந்து சேந்துட்டோம்ணே. எல்லாம் ஒங்க கைராசி! நாளைக்குக் காது குத்தி, சாப்பாட்ட முடிச்சுட்டுக் கெளம்பி வாரோம்."

வண்டியை அங்கேயே நிறுத்து, எல்லோரும் பஸ்சில் வாருங்கள்... இதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? வாயைத் திறந்தேன்.

"மெதுவா வாங்க தம்பி" என்றேன்.

விடிந்து வெகுநேரம் ஆகிவிட்டது. இந்நேரம் காது குத்தியிருப்பார்கள். குழந்தை அழுது ஓய்ந்திருக்கும். பந்தியில் இலை போட்டிருப்பார்கள். செல்போன் என் கையில்தான் இருக்கிறது. அவனுக்குச் சொல்ல வேண்டியதை உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்... இன்னும் கிளம்பியிருக்க மாட்டார்கள். கிளம்பியிருப்பார்களோ?