கீழ்ச் சக்கரத்தின் ஆறாவது வரி

மஹ்ரூபைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் பலாபத்வலையில் அவரை என்னளவுக்குக் கவனித்தவர் யாரும் இருக்க முடியாது. ஏழு வருஷமாக வயிறு எரிய எரியக் கவனிக்கிறேன்.

நான் இங்கே கராஜ் வைத்து இருபத்திரண்டு வருஷம். அவர் கத்தாரிலிருந்து வந்து வீதிக்கு எதிர்ப்பக்கம் ஒன்றைத் திறந்தார். இப்போது அவர் வாசலில் நாலு வாகனம் நிற்கும்போது என் வாசலில் காகம் நிற்கும். என் மனைவி றுஸைனாவே தன் தம்பியின் காரை அங்கேதான் அனுப்பினாள். கேட்டால், அவர் நிதானமாகச் செய்கிறாராம்.

அந்த நிதானத்தைப் பெல்ட் மாற்றும்போது பார்க்க வேண்டும். என்ஜினின் முன்பக்கம் ஐந்தாறு சக்கரங்களைச் சுற்றி ஓடும் அந்தப் பெல்டின் உட்பக்கத்தில் ஆறு வரிகள் இருக்கும். சக்கரங்களில் அவை உட்கார ஆறு பள்ளங்கள். அடியில் இருக்கும் சக்கரத்தில் ஒரு பள்ளம் தள்ளி உட்கார்ந்தால் மேலிருந்து பார்ப்பவனுக்குத் தெரியாது. நாங்களெல்லாம் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் பொனட்டை மூடுவோம். மஹ்ரூப் வாகனத்துக்குக் கீழே படுத்து, ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பையும் விரலால் தடவுவார். என்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்தி, மறுபடியும் தடவுவார். பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிறார் என்று நான் கேலி செய்வேன். கேட்டுச் சிரிப்பவர்களும் வாகனத்தை அவரிடமே விடுவார்கள்.

சீகிரியாவில் ஒரு ஹோட்டலின் மூன்று வேன்களையும் அவர்தான் பார்த்துவந்தார். அந்த மூன்றும் என் கைக்கு வர வேண்டும் என்று அல்லாஹ்விடம் நான் கேட்காத துஆ இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, அதில் ஒரு வேனுக்குப் புதுப் பெல்ட் போட்டுவிட்டு மஹ்ரூப் ஜும்ஆத் தொழுகைக்காகக் கராஜைப் பூட்டினார். டிரைவர் அகீல் வேனை என் முற்றத்தில் நிறுத்தி, சாவியை என்னிடம் தந்துவிட்டு நேரத்தோடு பள்ளிவாசலுக்கு நடந்தான். நான் பொனட்டைத் திறந்தேன். யாரும் திறக்கச் சொல்லவில்லை. மஹ்ரூபின் வேலையில் ஒரே ஒரு பிழை கிடைத்தால் போதும் என்றிருந்தது. பெல்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைத் தளர்த்தி, அதைக் கழற்றி, ஒவ்வொரு சக்கரத்தையும் சுற்றிப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்குள் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். அவசர அவசரமாகப் பெல்டை மாட்டி, மேலிருந்து டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு ஓடினேன்.

மறுநாள் நாவுலைக்குப் பக்கத்தில் பெல்ட் கழன்று, என்ஜின் கொதித்து, ஆறு வெளிநாட்டுக்காரர்களோடு வேன் நடுவழியில் நின்றது. அகீல் அந்தப் பெல்டைக் கொண்டுவந்து மஹ்ரூபிடம் நீட்டினான். ஓரத்து வரி மட்டும் நூல் நூலாகக் கிழிந்திருந்தது. கீழ்ச் சக்கரத்தில் ஒரு பள்ளம் தவறியிருக்கிறது என்று மஹ்ரூபே சொன்னார். நின்ற இடத்திலிருந்தே ஹோட்டல் மனேஜருக்கு அழைத்து, பிழை தன்னுடையது என்றும் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் மூன்று வேன்களும் என்னிடம் வந்தன. பொய் சொல்ல மாட்டேன், அந்த வாரம் நன்றாகத் தூங்கினேன்.

பிறகு ஒரு நாள் அவர் வீதியைக் கடந்து என்னிடம் வந்தார். அண்ணன் முறை வைத்து என்னை நானா என்றுதான் கூப்பிடுவார். ஒரு காருக்குப் போட்ட பெல்டை மூன்று தரம் கழற்றி மாட்டியும் மனம் ஒப்பவில்லையாம்.

"நீங்க ஒருக்கா தொட்டுப் பாருங்க நானா. எனக்கு இப்ப என்னையே நம்ப ஏலாம இரிக்கி."

போய்ப் படுத்துத் தடவினேன். என் வாழ்நாளில் நான் ஒரு பெல்டையும் அவ்வளவு கச்சிதமாகப் போட்டதில்லை. அதைத் தொடும்போதே பொறாமையாக இருந்தது. சரி என்றேன். அவர் நம்பாமல் தானும் படுத்துத் தடவினார். நாலு நாளில் மூன்று தரம் இப்படிக் கூப்பிட்டார். மூன்றாவது தரம், இனிப் பெல்ட் வேலை எல்லாவற்றையும் எனக்கே அனுப்பப் போவதாகச் சொன்னார். அப்படி ஒரு வார்த்தைக்காகத்தான் நான் ஏழு வருஷம் காத்திருந்தேன். கேட்டதும் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"வேன் பெல்ட்டக் கழட்டினது நான்தான், மஹ்ரூப். ஜும்ஆவுக்கு முந்தி. திரும்பப் பிழையா மாட்டினதும் நான்தான்."

ஏச்சு வாங்கத் தயாராக நின்றேன். அடித்தாலும் வாங்கியிருப்பேன். அவர் கேட்டதோ வேறு.

"அப்ப நான் போட்டது சரிதானே, நானா?"

"சரிதான்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்றபடி, அடுத்த வாகனத்துக்குக் கீழே புகுந்துவிட்டார். நானே மனேஜருக்கு அழைத்து நடந்ததைச் சொன்னேன். மூன்று வேன்களும் எதிர்ப்பக்கம் திரும்பிப் போயின. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என்னைத் திட்ட வேண்டும் என்ற நினைப்பே வராமல் அவர் அத்தனை சந்தோஷமாக வேலைக்குத் திரும்பினாரே, அதை இன்றுவரை பொறுக்க முடியவில்லை.