என் வீட்டுக்காரர் கம்பி மாற்றிய கதை

என் வீட்டுக்காரர் செர்வாந்தோவுக்குத் தூண்டில் கடை. ஸ்பெயினில் எங்கள் காடிஸ் ஊர்ச் சந்தைக்குப் பின்புறச் சந்தில் உட்கார்ந்து முள்ளும் ஈயக்குண்டும் தங்கூசி என்கிற நைலான் நரம்பும் விற்கிறார். எதைப் பார்த்தாலும் அது எந்த மீனுக்கு ஆகும் என்றுதான் அவர் புத்தி போகும். கல்யாணத்துக்கு முன்னால் முதன்முதலாக என் கையைப் பிடித்தவர், முடிச்சுப் போட நல்ல விரல் என்றார். அப்போதே நான் ஓடியிருக்க வேண்டும்.

அவருடைய இன்னொரு பைத்தியம் கிட்டார். கார்னிவல் திருவிழா வந்தால் எங்கள் குடும்பம் வேஷம் கட்டிக்கொண்டு தெருமுனைதோறும் நையாண்டிப் பாட்டுப் பாடும். என் அண்ணன் எலாடியோவுக்குப் பெரிய மேளம், எனக்கு நாணல் ஊதல், இவருக்குக் கிட்டார், மற்றவர்களுக்கு வெறும் தொண்டை. நன்றாகவே வாசிப்பார், கட்டிக்கொண்டவள் என்பதற்காகச் சொல்லவில்லை. ஆனால் காதில் விழுந்தால்தானே? அண்ணன் மேளத்தை ஒரு தட்டுத் தட்டினால் தெருக்கோடி நாய் குரைக்கும். அதில் நைலான் தந்தி எங்கே கேட்கப்போகிறது?

இந்த வருஷம் ஒத்திகையில் அண்ணன் போட்டு உடைத்துவிட்டான்.

"மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கிட்டாரு இருக்கா இல்லையான்னே யாருக்கும் தெரியல. வர்ற ஞாயித்துக்கிழமையும் கேக்கலைன்னா, அத வீட்ல வச்சிட்டு எங்களுக்கு ஒயின் பாட்டில் தூக்கிட்டு வாங்க."

அன்றைக்கு அவர் பொரித்த நெத்திலியைக்கூடத் தொடவில்லை. நெத்திலியைத் தொடாத செர்வாந்தோவை நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் இசைக்கடை அமாலியாவிடம் போனோம். இது கிளாசிக்கல் கிட்டார், மெல்லிய பலகை, நைலான் தந்திக்கென்றே செய்தது என்றாள். சத்தம் கூட வேண்டுமானால் நைலானிலேயே இழுவை கூடின ரகம் இருக்கிறது, அதைப் போடுங்கள் என்றாள். எஃகுக் கம்பி அக்கூஸ்டிக் கிட்டாருக்கு, அதன் வயிற்றுக்குள் தாங்குகட்டைகள் பலமாக இருக்கும், இதில் போட்டால் பிய்த்துக்கொண்டு வரும் என்று பச்சைப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். இவர் பயபக்தியோடு தலையாட்டினார். அவர் அப்படித் தலையாட்டினால் ஒன்றும் உள்ளே போகவில்லை என்று அர்த்தம்.

வெளியே வந்ததும், "பாவம், அந்தப் பொண்ணு மீனே பிடிச்சதில்ல போல" என்றார். சின்ன மீனுக்கு நரம்பு, பல்லுள்ள பெரிய மீனுக்கு எஃகுக் கம்பி. அவருக்குத் தெரிந்த வேதம் அதுதான்.

"உங்கண்ணன் மேளம் பெரிய மீனு, பால்மா. அதுக்குக் கம்பிதான்."

துறைமுகப் பக்கம் வேறு கடையில் எஃகுக் கம்பி வாங்கி வந்தார். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு குட்டிக் குண்டு. முடிச்சே போட வேண்டாம் என்று அவருக்கு ஒரே குஷி.

ஞாயிறு காலையில் பார்த்தேன், கிட்டார் தொந்தி போட்டிருந்தது. கேட்டதற்குக் கடற்காற்று ஈரம் என்றார். சண்டை போட நேரமில்லை. இந்த வருஷ வேஷம் காஸ் சிலிண்டர். ஆரஞ்சு நிற அட்டை உருளைக்குள் ஒவ்வொருவரையும் திணித்து, தலையில் வால்வு மாட்டிவிட்டு, கையை வெளியே இழுத்துவிடுவதற்குள் என் பிராணன் போய்விட்டது.

முதல் முனையில், சும்மா சொல்லக்கூடாது, கிட்டார் கணீரென்று கேட்டது. அண்ணனே திரும்பிப் பார்த்தான். இவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. காஸ் விலையைக் கிண்டல் செய்யும் பாட்டு உச்சத்துக்குப் போனபோது டமார் என்று ஒரு சத்தம். தந்திகளைப் பிடித்திருந்த கட்டை பலகையோடு பிய்த்துக்கொண்டு வந்து கம்பியில் தொங்கியது. முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் தரையில் உட்கார்ந்தே விட்டார். அடுத்த நொடி தெருவே விழுந்து விழுந்து சிரித்துக் கைதட்டியது. சிலிண்டர் வெடிப்பது எங்கள் ஏற்பாடு என்று நினைத்துவிட்டார்கள். இவர் மட்டும் உருளைக்குள் அழுதுகொண்டிருந்தார். வால்வு குலுங்கியதில் எனக்குத் தெரிந்தது.

அண்ணனுக்கும் மனசு கேட்கவில்லை. பக்கத்து மதுக்கடையில் ஓடிப்போய் ஒரு கிட்டாரை இரவல் வாங்கி வந்தான். நைலான் தந்திதான்.

"கேக்குதோ கேக்கலையோ, வாசிங்க மாப்பிள்ளை" என்றான்.

நாங்கள் அடுத்த முனைக்குப் போகுமுன் செய்தி போய்விட்டது. கூட்டம் நெரிந்தது. இவர் தந்தி பக்கம் கையைக் கொண்டுபோனதும், இதோ வெடிக்கப்போகிறது என்று அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் மேளக்கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். ஊதலை எடுக்க எனக்கும் மனசு வரவில்லை. அந்த அமைதியில் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்டது. இப்போது வெடிக்கும், இப்போது வெடிக்கும் என்று காத்திருந்தே பாட்டு முழுவதையும் கேட்டுவிட்டார்கள்.

முடிந்ததும் முன்வரிசை அம்மாள் ஒருத்தி ஏமாற்றத்தோடு கேட்டாள்.

"எப்பங்க வெடிக்கும்?"

"அடுத்த பாட்டுல" என்றார் செர்வாந்தோ.